ஊசிக்கும் குண்டுக்கும் நடுவே

அரசாங்கத்தில் காட்டு விலங்குகளைக் கவனிக்கும் வேலை எனக்கு. யானை தோட்டத்துக்குள் வந்து பழகிவிட்டால் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, பெரிய காட்டில் கொண்டுபோய் விடுவோம். தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் சுடுவது டாக்டர். டாக்டருக்குப் பக்கத்தில் ஒருவன் நிஜத் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். ஊசி வேலை செய்யாமல் யானை திரும்பி வந்தால் அவன் சுட வேண்டும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பல வருடங்களாக அந்த ஒருவன் நான். ஒரு யானையைக்கூடச் சுட்டதில்லை. "சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். அது அப்படியே நடந்து ஓய்வு பெற்றுவிட்டால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

யானைக்கான துப்பாக்கி கனமானது. அதன் தோட்டாவைக் கையில் வைத்தால் சின்ன பூட்டு ஒன்றை வைத்திருப்பதுபோல இருக்கும். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு ஏற்ற தோட்டாவை வீட்டிலேயே வெடிமருந்து அளந்து அடைத்துக்கொள்வார்களாம். இங்கே சட்டம் அதற்கு இடம் தராது. வாங்கித் தருகிற பெட்டிகளில் எது நம் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நம்மால் முடிந்தது. அதையும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை, ஒரு பயிற்சி நாள் வரைக்கும்.

அன்றைக்கு விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. பழைய பெட்டி. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் ஈரம் எதைத்தான் விட்டுவைக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. அதே தோட்டாவை வைத்துக்கொண்டுதான் முந்தைய மாதம் டாக்டர் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சிகாமாட்டில் வீடு. பாட்டன் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்பார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். என்னை அண்ணே என்பார்.

பழைய பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் புதியது கேட்டு வாங்கினேன். இரண்டு வகை வந்தது. ஒன்று மென்முனைக் குண்டு. பட்டதும் பூப்போல விரிந்துவிடும். இன்னொன்று கெட்டி முனை. உருவம் குலையாமல் நேராகப் போகும். யானையின் மண்டையெலும்பு தடித்தது, உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். குண்டு வழியில் திரும்பிவிட்டால் விலங்குக்கும் சித்திரவதை, எதிரே நிற்பவனுக்கும் ஆபத்து. மூவாரில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் என் மச்சான் வேலை செய்கிறார். அவரிடம் கழிவுப் பலகைகள் கேட்டேன்.

"என்ன மச்சான், அலமாரி செய்யப் போறீங்களா?"

"சுடப் போறேன்."

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தார். ஆனாலும் வேன் நிறைய ஏற்றிக் கொடுத்தார்.

பலகைகளை நனைத்து நெருக்கமாக அடுக்கிச் சுட்டேன். மென்முனை கொஞ்ச தூரத்திலேயே நசுங்கி நின்றுவிட்டது. கெட்டி முனையிலும் இரண்டு எடை இருந்தது. லேசானது போகப் போகச் சாய்ந்தது. கனமானது கம்பி செருகியதுபோல நேராகப் போயிருந்தது. பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்வது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் சுட்டுப் பழகப் போனேன். பலகையைக் கிட்ட வைத்து, நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, திடீரென்று திரும்பி. துப்பாக்கி உதைத்துத் தோளில் கறுத்துப்போன இடத்தில் மனைவி தைலம் தேய்த்துவிடுவாள். "வயசான காலத்தில் என்னங்க இது விளையாட்டு" என்பாள். விளையாட்டுத்தான். எனக்குப் பிடித்திருந்தது.

மெர்சிங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒற்றைக் கொம்பன் யானை வாழைகளை ஒடித்துப்போடுவதாகச் செய்தி வந்தது. தோட்டக்காரர் வயதான மலாய்க்காரர், பாக் சிக் என்று கூப்பிடுவோம். வாழையோடு சேர்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளின் குருத்தையும் யானை பிடுங்கித் தின்றிருந்தது. ஆனால் ஆள்களை எதுவும் செய்ததில்லை. "கெட்டவன் இல்லை, பசிக்காரன்" என்று மலாயில் சொன்னார்.

காலையிலேயே கண்டுவிட்டோம். வாழைகளுக்கு நடுவே நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. டாக்டர் சுட்டார். ஊசி பின்தொடையில் நன்றாகவே குத்தி நின்றது, அதன் சிவப்புக் குஞ்சம் தெரிந்தது. யானை அதிர்ந்து, ஒரு சத்தம் போட்டுவிட்டு, ஆற்றோரப் புதருக்குள் போய்விட்டது. மருந்து ஏற நேரம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனோம். முன்னால் டாக்டர், இன்னொரு ஊசியோடு. அவருக்கு இடப்பக்கம் நான்.

புதருக்குள் அது அசையாமல் நின்றது. காது ஆடவில்லை. தும்பிக்கை தொங்கிக் கிடந்தது.

"தூங்கிருச்சுண்ணே" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

அதற்குள் அது திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் திரும்பும் என்பது அன்றுதான் தெரிந்தது. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேராக வந்தது. நான் யோசிக்கவில்லை. கை தானாக எழுந்தது, பலகைகளுக்கு முன்னால் எழுந்த மாதிரியே. ஒரே குண்டு. முன்னங்கால்கள் மடிந்து, டாக்டர் இரண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடக்கூடிய இடத்தில் அது விழுந்தது. துடிக்கக்கூட இல்லை.

டாக்டர் ஊசித் துப்பாக்கியைக் கீழே போட்டிருந்தார்.

"டாக்டர், அடிபட்டிருக்கா? நல்லா இருக்கீங்களா?"

"ஓம்" என்றார். "ஓம். ஓம்."

நான் போய் யானையின் பக்கத்தில் நின்றேன். கண் திறந்திருந்தது. இமைமயிர் அவ்வளவு நீளம். நெற்றியில் ஒரு சின்ன துளை. நான் எங்கே வேண்டும் என்று நினைத்தேனோ அங்கேயே. அதைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை. நேராகப் போயிருக்கிறது என்ற எண்ணம்தான் வந்தது. அடுத்த நொடியே உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வாழைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

பிறகு கம்பமே கூடிவிட்டது. ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள். பாக் சிக் மட்டும் கிட்ட வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒடிந்த வாழைகளுக்கு நடுவே நின்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு தார் வாழைப்பழத்தை வண்டியில் ஏற்றச் சொன்னார். "தெரிமா காசி" என்று நன்றி சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். சாமி மேடையில் பிள்ளையார் இருக்கிறார். தினமும் காலையில் பூ வைப்பவள் அவள். என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"அப்ப குளிச்சிட்டு வந்து சாப்பிடுங்க."

அதோடு விட்டுவிட்டாள். ஏதாவது திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது தள்ளாடிக்கொண்டுதான் வந்ததோ, இன்னும் நாலு அடி வைத்திருந்தால் தானாக விழுந்திருக்குமோ, வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தால் மிரண்டு ஓடியிருக்குமோ என்று எனக்குள் ஓடியதையெல்லாம் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. பிள்ளையார் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் டாக்டர் யானையின் உடலை அறுத்துப் பார்த்தார். கையுறையோடு என்னிடம் வந்து அந்த ஊசியை நீட்டினார். உள்ளே மருந்து பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஏதோ அடைத்துக்கொண்டு இறங்கவில்லை.

"அது மயங்கவே இல்லண்ணே. வலியில சும்மா நின்னிருக்கு. நீங்க சுடலன்னா..."

எனக்கு மூச்சு வந்தது. அதை மறைக்க முடியவில்லை. தானாக விழுந்திருக்காது. அப்படியென்றால் என் மேல் தப்பில்லை. தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல நிமிர்ந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னிடமிருந்து இறங்கியது எங்கே போயிருக்கிறது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"என் ஊசிதான்ணே. கிட்டப் போனதும் நான்தான்."

"ஊசி அடைச்சுக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்? அத விடுங்க லா."

"நீங்க பொறுங்கன்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல் வந்ததே, அந்த ஆறுதலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யானையைச் சுட்டதைவிட அதுதான் என்னை அரிக்கிறது.

விசாரணை நடந்தது. எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது என்றார்கள். என்னைப் பாராட்டிப் பேசினார்கள். டாக்டர் நீண்ட விடுப்பில் போனார். போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சிகாமாட்டுக்குக் கிளம்பிப் போனோம்.

டாக்டரின் அம்மா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை எனக்கு இல்லை" என்றார். அழுதார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார், பலகாரம் வைத்தார், இன்னும் எடுங்கோ எடுங்கோ என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டே தின்றேன்.

டாக்டர் மெலிந்திருந்தார். அம்மாவும் என் மனைவியும் அடுப்படிக்குப் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத் தூக்கம் வருதாண்ணே?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

"அந்த ஊசியக் காட்டினீங்கல்ல, அப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு டாக்டர். தப்பு உங்க பக்கம் போயிருச்சுன்னு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார். "உங்க முகத்துலயே தெரிஞ்சிச்சு. நானும் அப்படித்தான். நீங்க சுட்டதாலதான் செத்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாள் அது நல்லா வேலை செஞ்சிச்சு."

சிரிக்க வேண்டிய பேச்சில்லை. ஆனாலும் இரண்டு பேரும் லேசாகச் சிரித்துவிட்டோம். சிரிப்புச் சத்தம் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

துப்பாக்கிப் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க இருந்தேன். விடுப்பு முடிந்து வந்த டாக்டரே தடுத்துவிட்டார். "வேற யாரு பக்கத்துல நின்னாலும் நான் போக மாட்டேன்" என்றார். அது நன்றியா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அடுத்து வந்தது ஒரு பெண் யானை, குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். ஊசி சரியாக இறங்கியது. இந்த முறை டாக்டர் நான் தலையசைக்கும்வரை ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. அது ஒரு பனைமேல் சாய்ந்து நின்றபடியே மயங்கியது. கால்களுக்குச் சங்கிலி போட்டு முடித்ததும் துப்பாக்கியைப் பூட்டி வண்டியில் வைத்தேன். வெயில் ஏறியிருந்தது. மயக்கத்தில் இருக்கிற யானைக்கு உடம்பு சூடாகிவிடக் கூடாது, காதுகளின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது என் வேலை இல்லை, அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். நான் போய் அவர்கள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டேன்.

கால்வாயில் மொண்டு மொண்டு ஊற்றினேன். காதின் பின்புறத்தில் நரம்புகள் இலை நரம்பு போல ஓடின. தண்ணீர் பட்டதும் அது ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது. சட்டை நனைந்து, கால் சேற்றில் புதைந்து, கை வலித்தும் நிறுத்தத் தோன்றவில்லை.

"போதும்ணே, லாரி வந்திருச்சு" என்று டாக்டர் கூப்பிட்டார்.

"இதோ, இன்னும் ஒரு வாளி" என்றேன்.