கணவரின் கையெழுத்து

கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற என் தங்கச்சிக்கு, தம்பலகாமத்து வளவுக் காணியில் பாதியை எழுதிக் கொடுக்கப் போனேன். அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வளவு அது. திருகோணமலையில் காணி எழுதும் தெரிந்த நொத்தாரிசு ஒருவர் உறுதிப் பத்திரத்தை வாசித்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதில உங்கட அவரும் கையெழுத்து வைக்க வேணும், ரீச்சர்."

"காணி என்ர பேரிலதானே கிடக்கு, ஐயா?"

"ஓம். ஆனா அவர் யாழ்ப்பாணத்து ஆள். தேசவழமைச் சட்டப்படி அவற்ற சம்மதமில்லாமல் நீங்கள் எழுதேலாது."

"நான் இங்க பிறந்தனான்."

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நீங்களும் அந்தச் சட்டத்துக்குள்ளதான். இந்த ஊர் ஆளை முடிச்சிருந்தா இது தேவையில்லை."

பதினொரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இப்படியொன்று என்மேல் கிடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என்னோடு படிப்பிக்கும் கிண்ணியா முஸ்லிம் ரீச்சரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"வாப்பா தந்த வயலை நான் போன மாசம் வித்தனான். வித்த பிறகுதான் என்ட புருஷனுக்கே தெரியும்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ஆனா எங்கட முஸ்லிம் சட்டப்படி, என்ட கலியாணப் பதிவில என்ட கையெழுத்து இல்ல. வாப்பாதான் எனக்காக வச்சவர்" என்றார்.

என் பதிவில் நான் கையெழுத்து வைத்தது நினைவிருந்தது. அதன் விலை இதுவென்று அன்று தெரியாது.

"எல்லாருக்கும் ஒரே சட்டமா வந்தால் என்ன?" என்று ஆத்திரத்தில் கேட்டேன்.

"வரட்டும். அதில என்ட வயல் எனக்கு இருக்குமா, உங்களப் போல கலியாணப் பதிவில கையெழுத்து வைக்க எனக்குக் கிடைக்குமா? அத எழுதுறது ஆரு? அதச் சொல்லுங்க முதல்ல."

மணியடிக்க, நான் வகுப்புக்குப் போனேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். குரல் உயர்த்தாத மனிதர். அன்று பின்னேரம் உறுதியை மேசையில் வைத்தேன்.

"இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "யோசிச்சுச் சொல்லுறன்."

அந்த யோசனை நாலு கிழமை, ஒரு மாதமாக, நீண்டது. அவர் கோபிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டேன். என் வீட்டில் நானே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவளாகிப் போனேன். ஐந்தாம் கிழமை, சவரம் செய்துகொண்டிருந்தவர் திரும்பிப் பாராமல், "வாரும், போய் வச்சிட்டு வருவம்" என்றார்.

கையெழுத்து வைக்க அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம், "மச்சாளுக்கு ஒரு துண்டுக் காணி குடுத்தனான்" என்று சொன்னார். பொய் சொல்கிற முகமல்ல அது. அவர் அப்படித்தான் நம்பினார்.

தங்கச்சி அதில் ஒரு சின்ன வீடு கட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் "அத்தான் தந்த காணி" என்பாள். முதல் முறை கேட்டபோது திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் நன்றியோடு சிரித்தாள்.