மூன்றாம் சரணம்

போன வாரம் சளி பிடித்துக் கிடந்தேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் யூக்கலிப்டஸ் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தலையைத் துண்டால் மூடிக் குனிந்தேன். மூக்கு திறந்ததோ இல்லையோ, தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய பாறசாலையில் சிமென்ட் கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை திறந்துகொண்டது. அந்த அறைக்கு ஒரு காலத்தில் இந்தத் தைல வாசனைதான். சுவர் முழுக்க நாங்கள் ஒட்டிய முட்டைத் தட்டுகளின் வாடையையும் மீறி அது நிற்கும். எங்கள் குழுவின் பாடகி பிரீதா மூலையில் உட்கார்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருப்பாள். சளி என்றுதான் சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

முட்டைத் தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்க. அது போய்க்கொண்டேதான் இருந்தது. தட்டுகளுக்குள் பல்லிகள் குடியேறியதுதான் கண்ட பலன். கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் சிமென்ட் தூசி படியேறி வந்து என் கீபோர்டின் கட்டைகளுக்கு இடையில் படிந்துகொள்ளும். ஒரு கறுப்புக் கட்டை அப்படியே செத்துப்போனது. அந்தச் சுரம் வராத மெட்டுகளாகவே அந்த வருடம் நான் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதைத்தான் என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வருவாய்த்துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வங்கித் தேர்வுக்குப் படிப்பதாகத்தான் வீட்டில் பேச்சு. "அந்தப் பெட்டியில தட்டுறதுக்கு ஜோலிண்ணு பேரு கெடையாது, கேட்டியா" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், தகவல் தருவதுபோலச் சொல்வார். அதுதான் அதிகம் சுடும்.

நாங்கள் மூன்று பேர். நான் கீபோர்டு. பிரீதா என்னோடு கல்லூரியில் படித்தவள், பாடகி. அவள் தம்பி சஜின் டிரம்ஸ். பகலில் அவன் பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டுவான்; வேலை முடிந்து, கையில் டீசல் மணத்தோடு வந்து ஸ்டிக்கைப் பிடிப்பான். கோயில் திருவிழாக்களில் கானமேளா என்று இரண்டு மொழிச் சினிமாப் பாட்டுகளையும் பாடுவோம். எல்லைக்கு இந்தப் பக்கம் கூட்டம் தமிழ்ப்பாட்டு கேட்கும், அந்தப் பக்கம் மலையாளம் கேட்கும். எங்கும் யாரும் எங்கள் பாட்டைக் கேட்கமாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு கலைமன்றம் இசைக்குழுக்களுக்குப் போட்டி அறிவித்தது. சொந்தப் பாட்டு ஒன்று கட்டாயம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். அதில் தேறினால் அந்தப் பருவம் முழுக்க மேடை உண்டு. தேறாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு நான் வங்கித் தேர்வுக்கும் அவர்கள் அவரவர் வழிக்கும் போவதாகப் பேசி வைத்திருந்தோம்.

மெட்டு எங்கிருந்து வரும் என்று இப்போதும் என்னிடம் சிலர் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது சொல்லத் தோன்றும். உண்மையில் இந்த மெட்டு பக்கத்து வீட்டு ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினிலிருந்து வந்தது. கையால் சுற்றும் பழைய மெஷின், அதன் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. உருளைகள் கடகடவென்று ஓடிவந்து, ஓரிடத்தில் தடுக்கி, மறுபடி ஓடும். காலையில் பல் துலக்கியபடி அதைக் கேட்டுக்கொண்டே நின்றபோது அது ஏழு அடித் தாளத்தில் சுற்றுகிறது என்று புரிந்தது. வாயைக் கொப்பளிக்காமல் உள்ளே ஓடினேன். கீபோர்டில் பற்பசை சொட்டியது.

சஜினிடம் வாசித்துக் காட்டியபோது அவன் முகம் கோணியது.

"இது ஏழாக்கும் அண்ணா. ஆளுவளுக்கு நாலுல தலையாட்டித்தான் சீலம். பாதியில கழுத்து சுளுக்கிக்கிடும்."

"சுளுக்கட்டும் மக்கா" என்றாள் பிரீதா. "பாட்டு கேட்டதுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?"

வார்த்தைகளை அவள்தான் எழுதினாள். எல்லைச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருத்தியின் பாட்டு. 'அங்ஙோட்டு மழயாணு, இஞ்சோட்டு வெயிலாக்கும்' என்று, அந்தப் பக்கம் மழை இந்தப் பக்கம் வெயில் என்று, தொடங்கும். ஜட்ஜுமார் இது தமிழா மலையாளமா என்று கேட்டால் என்ன சொல்வது என்றான் சஜின். "நம்ம வீட்டுல பேசுதது எந்த பாஷையோ அதாக்கும்ணு சொல்லு" என்றாள். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

பல்லவியும் இரண்டு சரணங்களும் தரையில் நடப்பவை. மூன்றாம் சரணத்தில் மெட்டு ஏறும். ஏறி, உச்சியில் ஒரு 'வா'வில் நிற்கும். அதை அவள் குரலை மனதில் வைத்துத்தான் போட்டேன். சில குரல்கள் மேலே போகப்போகக் கத்தலாகும். அவள் குரல் மெலியும். மெலிந்து மெலிந்து, இதோ அறுந்துவிடும் என்று நாம் மூச்சைப் பிடிக்கும் இடத்தில் பளிச்சென்று நிற்கும். முதல்முறை அவள் அதைப் பாடிய சாயங்காலம் சஜின் வாசிப்பதை மறந்து ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டான். கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களின் சத்தம்கூடச் சற்று நின்றது. எங்களுக்காக நின்றதா, லோடு முடிந்ததா என்று நான் போய்க் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஆவி பிடித்தல் தொடங்கியது. வெந்நீர் பிளாஸ்க், தைலம், தேன். மூன்றாம் சரணம் வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி நிறுத்துவாள். மின்விசிறி சுருதிக்கு அரைக் கட்டை கீழே முனகுகிறது என்பாள். அது உண்மைதான், எழுந்து நிறுத்துவேன். வியர்க்கிறது என்பாள், மறுபடி போடுவேன். ஒருநாள் வேறு காரணம் கிடைக்காமல் பாடினாள். ஏற்றத்தின் நடுவில் குரல் இரண்டாகப் பிரிந்தது. ஒரே தொண்டையிலிருந்து காற்று தனியாகவும் சுரம் தனியாகவும் வந்தது. நான் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சஜின் தலையைத் தூக்காமல் சொன்னான். "அக்காக்க தொண்டையில முழை உண்டு அண்ணா. டாக்டர் பாடப்பிடாதுண்ணு சொல்லியாச்சு. உங்களுக்குத் தெரியாண்டாம்ணு எனக்கிட்ட சத்தியம் வாங்கீட்டா."

"எலே, நீ வாய மூடுவியா?" என்றாள் பிரீதா.

குரல்நாணில் சிறிய கட்டி. அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, போட்டிக்குப் பிறகு. அதுவரை பேச்சைக்கூடக் குறைக்க வேண்டும், வருத்திப் பாடினால் ரத்தம் கசியலாம், குரல் ஒரேயடியாகப் போகவும் கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இதையெல்லாம் சஜின் சொல்லச்சொல்ல அவள் பிளாஸ்கின் மூடியைத் திறப்பதும் அடைப்பதுமாக இருந்தாள்.

போட்டி வேண்டாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆப்பரேஷன் கழிஞ்சா எந்தக் குரல் வரும்ணு டாக்டருக்கே தெரியாது. இப்ப இருக்குத குரல்ல ஒரு தடவ நாலுபேரு முன்ன பாடணும் எனக்கு."

"போச்சுண்ணா?" என்றான் சஜின்.

"போனா எனக்கதுதானே போவும்."

அவன் எழுந்து போய்விட்டான். கீழே அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவளும் நானும் அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளிலிருந்து நான் பாட்டைப் பிரித்துப்போட்டேன். முழுப்பாட்டையும் இரண்டு கட்டை இறக்கினால் பல்லவி முணுமுணுப்பாகிறது. மூன்றாம் சரணத்தை மட்டும் இறக்கினால் படியேறப் போனவர் மறதியில் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. கடைசியில் ஏற்றத்தைக் கீபோர்டே வாசிப்பதுபோல அமைத்தேன், அவள் பாட வேண்டியதே இல்லை. திரும்பி வந்திருந்த சஜினுக்கு அது மிகவும் பிடித்தது. என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. பிரீதா முழுவதும் கேட்டாள். மெல்லிய குரலில், "நல்லாருக்கு. ஆனா இது எனக்க பாட்டு இல்ல" என்றாள். நான் மறுபடி பழையபடியே மாற்றினேன். சஜின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒத்திகையில் வாயை மட்டும் அசைப்பது, போட்டியில் மட்டும் பாடுவது என்று அவள் முடிவு செய்தாள். அப்படி ஓர் ஒத்திகையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஏழு அடி சுற்றிச்சுற்றி வரும், கீபோர்டு பின்னணி வாசிக்கும், நடுவில் பாட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாள். அவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று தோள்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். மூன்றாம் சரணத்தில் அந்தத் தோள்கள் மேலே ஏறி நிற்கும்போது கட்டைகளைப் பார்க்காமல் அவள் தொண்டையையே பார்த்தபடி வாசிப்பேன். சத்தமே வராத இடத்துக்கு ஏன் இந்தப் பயம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். சஜினின் அடியும் அந்த இடத்தில் கனத்துப்போகும்.

"அவ பாடுனா நான் கொட்ட மாட்டேன்" என்று போட்டிக்கு முந்தின நாள் என்னிடம் தனியாகச் சொன்னான். ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் வந்து மேடைக்குப் பின்னே சிம்பல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் கீபோர்டு வயரைப் பிரிக்கத் தொடங்கினேன்.

மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்த மண்டபம். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் விசிறியபடி இருந்தார்கள். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு சினிமாப்பாட்டு மாதிரியே சொந்தப்பாட்டு ஒன்று பாடிக் கைதட்டு வாங்கிப் போயிருந்தது. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் பிரீதா இரண்டு நாளாக மூடியிருந்த வாயைத் திறந்து சுருதி பிடித்தாள். குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அந்தப் பாட்டுக்கு அது பொருந்தியது. முதல் சரணத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் தலையாட்ட முயன்று, ஏழாவது அடியில் தடுக்கி, சிரித்துக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லின் பாதி காற்றாகப் போனது. கூட்டம் கவனிக்கவில்லை. என் விரல் வழுக்கியது. வியர்வையைப் பேண்டில் துடைத்துக்கொள்ளக்கூட இடைவெளி இல்லை.

இடையிசை. இது முடிந்தால் ஏற்றம். சஜின் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதற்குள் பிரீதாவின் தோள்கள் உயர்ந்துவிட்டன, மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த நொடியில் டிரம்ஸ் நின்றது. அவன் உள்ளங்கையைச் சிம்பலின் மேல் வைத்து அழுத்தி, மிச்ச ஒலியையும் கொன்றுவிட்டான்.

என் கை ஒரு சுரக்கூட்டில் இருந்தது. தொடர்ந்து வாசித்தால் அவள் பாடிவிடுவாள். பாட்டு என்னுடையது. அந்த உச்சி என்னுடையது. கையை எடுத்துவிட்டேன்.

மண்டபம் முழுவதும் அமைதி. அவள் இழுத்த மூச்சோடு மைக்கின் முன்னால் நின்றாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்த மூச்சை மெல்ல, மிக மெல்ல வெளியே விட்டாள். மைக் அதை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. அதுதான் முடிவு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

மண்டபத்துக்குப் பின்னே, தண்ணீர் டேங்க் பக்கத்தில், அவள் தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"வந்திருக்கும்லே" என்றாள், கிசுகிசுப்பாக. "எனக்கு அந்த 'வா' வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றான் அவன். "அதுக்குப் பொறவு?"

அவள் பிடித்த சட்டையை விட்டுவிட்டுப் போய் வாத்தியம் ஏற்றிவந்த ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அந்த மூச்சில் முடிச்சது உக்ரன். எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார். "ரெம்ப நாள் யோசிச்சோம் சார்" என்றேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அடுத்த சில வருடங்கள் அந்த ஒரு பாராட்டை வைத்தே நான் காலம் தள்ளினேன்.

அறுவைசிகிச்சை நல்லபடி முடிந்தது. பல வாரம் பேசக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் அவள் சஜினோடு பேசவில்லை. மருத்துவர் சொன்ன மௌனம் எங்கே முடிந்தது, அவளுடைய மௌனம் எங்கே தொடங்கியது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு காலையில் அவன் படகுக்குக் கிளம்பும்போது, "குடைய எடுத்துக்கோலே, மழை வருது" என்றாளாம். அவன் பூவாறு போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே பைக் ஓட்டியதாக என்னிடம் சொன்னான். மழை வரவில்லை என்றும் சொன்னான்.

குரல் திரும்பி வந்தது, கீழ் ஸ்தாயியில். அந்த மெலிந்து பளிச்சிடும் மேல்பகுதி மட்டும் வரவில்லை. அன்று பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பேசியதும் இல்லை. பாலராமபுரத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள் இப்போது, ஆழமான குரலில். பிள்ளைகளுக்கு அவளுடைய குரல் அதுதான். சஜின் வளைகுடாவில் இருக்கிறான். ரோட்டை அகலப்படுத்தியபோது சிமென்ட் கடை, அறை, முட்டைத் தட்டு, பல்லிகள் எல்லாம் போயின. நான் வங்கியில் சேரவில்லை. விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுகிறேன். அப்பா கடைசிவரை அதையும் ஜோலி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

சமீபத்தில் பூவாறில் ஒரு ரிசார்ட்டில் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். இளம்பிள்ளைகளின் இசைக்குழு ஒன்று, நல்ல தயாரிப்பு. ஓரத்தில் ஒரு லேப்டாப். பாதி வாத்தியங்கள் அதிலிருந்துதான் ஓடும். எல்லார் காதிலும் கருவி, அதில் டிக் டிக்கென்று தாளம் வந்துகொண்டிருக்கும், அதற்கு வாசிக்க வேண்டும். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன். உயரமான ஒரு பாட்டின் நடுவில் பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியது. மைக்கைத் தள்ளிப்பிடித்து இருமினாள், டிரம்ஸ் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உடனே ஸ்டிக்கைத் தூக்கி நிறுத்தினான். லேப்டாப்புக்கு அது தெரியவில்லை. வயலின்களும் வீணையும் கோரஸும் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தன. அவன் உதட்டைப் பிதுக்கினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடிப்போய் பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.