கடைசி விசில் வரை

எங்கள் காற்பந்துக் குழு மறுபடியும் தோற்ற மறுநாள் காலை, கிள்ளானில் நாங்கள் நான்கு ரசிகர்களும் வழக்கமாகத் 'தே தாரிக்' டீ குடிக்கும் கடையில் பேப்பரை விரித்தேன். இந்த ஆண்டும் நாங்கள் தேற மாட்டோமாம். அதுகூடப் பரவாயில்லை. 'ரசிகர்களே கடைசிவரை திடலில் இருக்கவில்லை' என்று எழுதியிருந்தார் நிருபர். எனக்கு ரத்தம் கொதித்தது.

"பொய் லா! இன்னைக்கே மறுப்பு எழுதிப் போடுவோம்," என்று கத்தினேன். மூவரும் மேசையைத் தட்டினார்கள்.

பேனாவை எடுத்தேன். "கடைசி கோல் எத்தனாவது நிமிஷம் வாங்குனோம்?"

மூவரும் கிளாஸை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

"ஜாம்ல மாட்டக்கூடாதுன்னு நான் முன்னாடியே கார எடுத்துட்டேன் அண்ணே. நீங்க இருந்திருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் பூச்சோங்கிலிருந்து வரும் நண்பர். மற்ற இருவருக்கும் அதே கதைதான்.

நானும் அந்நேரம் வீட்டுக்குப் பாதி வழி வந்திருந்தேன்.

கடைசி விசில் வரை எங்கள் குழுவோடு இருந்தவர் அந்த நிருபர் மட்டும்தான்.