சத்தமில்லாமல் வைத்த வாள்

பிள்ளைகளா, போன பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர் மேடையில் நான் தளபதியாக நடித்ததை நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். அதற்கு முந்தின மூன்று வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

நம் ஊர் நாடகத்தை யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. நோட்டு கிழியக் கிழிய யாராவது புது நோட்டில் பார்த்து எழுதிவிடுவார்கள். கதை சின்னது. வயதான ராஜாவிடம் மந்திரி கோள் சொல்கிறான். உங்கள் நாற்காலி மேல் தளபதிக்குக் கண் இருக்கிறது என்று. ராஜா அதை நம்பி, சபை நடுவே வாளைத் திருப்பிக் கேட்கிறார். அவருக்காக எத்தனையோ சண்டை போட்ட தளபதி, அந்த வாளை அவர் காலடியில் வீசி எறிந்துவிட்டுப் போகிறான். பிறகு எதிரியின் படையோடு வந்து சொந்த ஊரையே அழிக்கிறான். கடைசியில் தன் வீடும் எரிந்து கிடப்பதைப் பார்த்து வாசலில் உட்கார்ந்து அழுகிறான்.

சின்ன வயதில் நான் மந்திரியைத்தான் கெட்டவன் என்று நினைத்தேன். வளர வளரப் புரிந்தது, அதில் முழுக்கக் கெட்டவன் ஒருத்தனும் இல்லை. ராஜாவுக்கு வயதாகிவிட்ட பயம். மந்திரிக்கு, தன்னை யாரும் மதிக்கவில்லையே என்ற புழுக்கம். தளபதிக்கு ரோசம். இதெல்லாம் நம் தெருவில் இல்லையா, நம் பட்டாசுக் கம்பெனியில் இல்லையா? நம் வீட்டில் இல்லையா? ராஜா கதை என்று சொல்லி நம்மையே காட்டிவிடுகிறார்கள். அதனால்தான் முடிவு தெரிந்தும் வருசா வருசம் ஊரே வந்து உட்காருகிறது.

எனக்கு எப்போதும் வேல் பிடித்து நிற்கும் காவலன் வேடம்தான். வசனம் கிடையாது. இந்த வருசம் தளபதி வேடம் கட்டுகிறவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். நாடகத்தை நடத்துகிற உங்கள் மாமா, அதுதான் பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற என் மச்சான், என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தா வந்தேன்? பறந்துதான் வந்தேன். வசனம் முழுவதையும் நாலே நாளில் மனப்பாடம் செய்தேன்.

வந்தது வினை. வாளை எறிய வேண்டிய இடத்தில் என் கை எறியவில்லை.

சமுதாயக்கூடத்தில் ஒத்திகை. கோபமாக வசனம் பேசுவேன், கண்ணை உருட்டுவேன், அடுத்த நொடி குனிந்து வாளை மெல்லத் தரையில் வைத்துவிடுவேன். எனக்கே தெரியாமல் நடக்கும். வெடிமருந்து அறையில் இத்தனை வருசம் வேலை பார்த்த கை அது. செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். சின்னப் பொறி பட்டாலே வெடிக்கும் என்பதால் அங்கே எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, போடக் கூடாது. சல்லடையோ தட்டோ, பூ வைக்கிற மாதிரிதான் வைக்க வேண்டும்.

"ஏ மாப்ளே, தாம்பாளத் தட்டு வைக்கிற மாதிரில்ல வைக்கிற. நீ தளபதியா, பொண்ணு கேட்டு வந்தவனா?" என்றார் மச்சான். கூடம் முழுக்கச் சிரிப்பு. ராஜா வேடம் போடுகிற டீக்கடைக்காரர் சிம்மாசனத்திலிருந்து நழுவியே விட்டார்.

மானம் போகிறதே என்று வீட்டில் பழக ஆரம்பித்தேன். நீங்கள் டியூஷனுக்குப் போன நேரம் பார்த்து மொட்டைமாடியில் எவர்சில்வர் தட்டை எறிவேன். முதலில் எறிய வரவில்லை. ஒரு வாரத்தில் வந்துவிட்டது. தட்டு எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, எனக்கு அம்புட்டு சந்தோசம்.

உங்கள் அம்மா மாடிக்கு வந்து நசுங்கின தட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, இது வேணாம்."

"தட்டு போனா போகுது."

"தட்டைச் சொல்லல. கை எறிஞ்சு பழகிருச்சுன்னா, அங்கன போயும் எறிஞ்சிருவீக."

"அது வேற, இது வேற. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். கைக்குத் தெரியுமா?"

அவளும் அதே கம்பெனியில் திரி கோக்கிறவள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அது தப்பு.

நாடகம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை மருந்து சலித்து முடித்துச் சல்லடையைக் கீழே வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது.  ஒன்றும் நடக்கவில்லை. அவர் என் கையைப் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னைக்குக் கை கனமா இருக்கு?"

எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அவருக்கு உங்கள் வயதில் இரண்டு பிள்ளைகள்.

அன்று சாயங்காலமே மச்சானிடம் போனேன். இனிமேல் எறிய மாட்டேன், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். 

"நாளன்னிக்கு நாடகம். இனி எவனுக்கு வசனம் சொல்லிக்குடுக்க?" என்றார். "எறியலைன்னா ஜனம் சிரிச்சிரும்லே. அங்கன சிரிச்சிட்டா, கடைசியில எவன் அழுவான்?"

அவர் சொன்னது நியாயம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நான் வாளை என் வழக்கப்படி மெல்லக் கீழே வைத்துவிட வேண்டியது. அந்த நேரம் திரைக்குப் பின்னால் அவர் பித்தளைத் தட்டைப் போட்டுச் சத்தம் எழுப்புவார்.

சனிக்கிழமை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டோம். பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும் என்று போலீஸ் உத்தரவு. சபைக் காட்சி வந்தது. ராஜா வாளைக் கேட்டார். "அரசே, வாள் உம்முடையது. இதைப் பிடித்த கை என்னுடையது" என்றேன். நடந்து போனேன். குனிந்தேன். முதலில் பிடி, பிறகு முனை. பலகையில் ஒரு சத்தமும் இல்லை.

நான் சிரிப்புக்குக் காத்திருந்தேன். வரவில்லை. தட்டுச் சத்தமும் வரவில்லை. ஆர்மோனியம்கூட நின்றுவிட்டது. தாயில்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்திருந்த கூட்டம். முக்கால்வாசிப் பேர் மருந்தோடு வேலை பார்க்கிறவர்கள். எதிரில் வெடிக்கிற பொருள் இருந்தால்தான் ஒருத்தன் இப்படி வைப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ராஜாவுக்கு அடுத்த வசனம், "என் முன் வாளை எறிகிறாயா?" என்பது. நான்தான் எறியவில்லையே. அவர் திணறி, "என் முன்னால... வச்சிட்டுப் போறியாலே?" என்றார்.

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. "இவன் சும்மா போகல. திரும்பி வருவான் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வருசக்கணக்கில் தளபதியின் கோபம் வாள் விழுகிற சத்தத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். கத்துகிற கோபம் கத்தி முடிந்ததும் பாதி போய்விடும். நிதானமாக இறக்கி வைக்கிறவன்தான் முடிவு எடுத்தவன். இதை எனக்கு நோட்டு சொல்லவில்லை, கூட்டம் சொன்னது. கடைசிக் காட்சியில் வாசலில் உட்கார்ந்து அழுதேனே, அது நடிப்பு பாதிதான்.

திரைக்குப் பின்னால் போனேன். மச்சான் பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"போடலையா மச்சான்?"

"போட மனசு வரல மாப்ளே. இதை எங்கன வைக்கன்னு சொல்லு."

இருவருமாகக் குனிந்து மெல்ல வைத்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் அம்மாவிடம், நீ சொன்னதுதான் சரி, அன்றைக்குப் பேசினதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

"அது கிடக்கு. தட்டு எப்ப வாங்கித் தரப் போறீக?" என்றாள்.

நோட்டை மறுநாள் போய்ப் பார்த்தேன். வாளை எறிகிறான் என்ற வரியை மச்சான் அடித்திருந்தார். மேலே சிவப்பு மையில், வைக்கிறான் என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை காலை செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே போனேன். எதிரே இருந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சல்லடையை வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.