பைப்படியிலிருந்து அப்பாவுக்கு

அந்த நீரூற்றின் இரும்புக் குழாயில் வாய் வைத்துக் குடித்தால் நடுக்கோடையிலும் பல் கூசும். நாக்கில் துருவின் சுவை நெடுநேரம் நிற்கும். பிரான்ஸின் நடுப்பகுதியில், பெயர் சொன்னால் பிரெஞ்சுக்காரர்களே எங்கே என்று கேட்கிற ஒரு சிற்றூரின் சந்தைச் சதுக்கத்தில் அது இருந்தது. ஊரார் அதற்கு நீளமான, மரியாதையான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அம்மா "பைப்படி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்ஸ் வரை எங்களைக் கூட்டிவந்த அப்பா, எனக்கு நாலு வயதானபோது தனியே கனடாவின் மொன்றியலுக்குப் போய்விட்டார். எங்களையும் அங்கே கூப்பிட அவர் போட்ட "ஸ்பொன்சர்" சரிவரும்வரை அம்மாவும் நானும் ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தின் மேல்மாடியில் ஒற்றை அறையில் காத்திருந்தோம். அறையில் தொலைபேசி இல்லை. பைப்படிக்குப் பக்கத்தில் நின்ற பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குத்தான் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அப்பா எடுப்பார். அம்மா மூன்றரைக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்க் காவல் நிற்பார், வேறு யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

ரிசீவரை முதலில் என்னிடம்தான் தருவார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் முகம் மறந்துபோயிருந்தது, குரல்தான் அப்பா. அந்தக் குரலிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "சாப்பிட்டியே?" "ஓம்." "படிக்கிறியே?" "ஓம்." உடனே "சரி, அம்மாட்டைக் குடு" என்று வந்துவிடும். ஒரு கிழமை முழுக்கக் காத்திருந்தது இந்த இரண்டு ஓமுக்குத்தானா என்று அழுகை அழுகையாக வரும்.

ஒரு ஞாயிறு அவர், "அதென்ன பிள்ளை, பின்னால தண்ணிச் சத்தம் கேக்குது?" என்றார். பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அந்த நீரூற்றின் வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். முன்பு அவ்வூர்ப் பெண்கள் ஆற்றுக்கு நடந்து தண்ணீர் அள்ளியதையும், கிணறுகள் கெட்டு வாந்திபேதியில் சனம் தெருத்தெருவாகச் செத்ததையும், பிறகு மலையடி ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்ததையும், முதல் தண்ணீர் விழுந்த அன்று தேவாலய மணி அடித்ததையும், மாடுகளுக்கென்று கட்டிய தொட்டியில் துணி தோய்த்த பெண்களோடு நகரசபை மல்லுக்கட்டியதையும் ஞாயிறுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிற அளவுக்கு நான் மடைச்சி இல்லை. அப்பா ம் கொட்டிக்கொண்டிருப்பார். அம்மா பொறுமை இழந்து கண்ணாடியில் தட்டுவார். நான் காணாதமாதிரித் திரும்பி நிற்பேன்.

ஆனால் வரலாறும் ஓரிடத்தில் முடியத்தான் செய்தது. உச்சியில் நின்ற வெண்கலச் சிலையைப் போர்க்காலத்தில் உருக்குவதற்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள், பீடம் அன்றிலிருந்து வெறுமையாக நிற்கிறது என்பதோடு பாடம் சரி. அந்த ஞாயிறு பார்த்து அப்பா, "உச்சியில என்ன நிக்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றால் தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கவேண்டியதுதான்.

"ஒரு சிங்கம்" என்றேன்.

அந்தச் சிங்கம் ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தது. போரின்போது அதை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார்கள். பீடத்திலிருந்து கீழே இறக்கும்போது ஒரு காது உடைந்தது. பனிக்காலத்தில் அதன் மீசையில் ஐஸ் தொங்கியது.

பிறகு "ஸ்பொன்சர்" சரிவந்து, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவருக்குப் பகலில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பின்னேரம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, வீட்டில் இருக்கிற நேரம் நித்திரை. ஒரே மேசையில் இருந்தும் "சாப்பிட்டியே", "ஓம்" என்பதற்கு மேல் எங்கள் பேச்சு வளரவில்லை. பக்கத்தில் இருந்த மனிதரிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. தூரத்தில் இருந்த அப்பாவுக்காக ஏங்கினேன். இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது நான் அதே நகரின் வில்லரேயில் இருக்கிறேன். போன மாதம் என் மகனுக்குக் காட்டலாமென்று அந்த ஊரின் படங்களைக் கணினியில் தேடினேன். தொலைபேசிக் கூண்டு போய்விட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடாம், குழாய்களை அடைத்துவிட்டு, தொட்டியை மண்ணால் நிரப்பிப் பூச்செடி நட்டிருக்கிறார்கள். அப்பாவின் வீடு மெட்ரோவில் அரைமணி நேரம், போயிருக்கலாம். தொலைபேசியில்தான் எடுத்தேன்.

"அப்பா, அந்தப் பைப்படியில சிங்கம் ஒண்டும் இருக்கேல்லை. நான் சும்மா சொன்னனான்."

"தெரியும். கொம்மா அந்தக் கிழமையே சொல்லிப்போட்டா."

"அப்ப ஏன் ஒண்டரை வருசமா கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?"

"நீ கதைச்சுக்கொண்டிருந்தாய். எனக்கு அது போதும்."

இத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு தொலைபேசியில் ம் கொட்டிய அந்த மனிதரை நான் தேடியிருக்கிறேன்.

"இப்பவும் தண்ணி ஓடுதே?" என்று அவர் கேட்டார்.

"ஓடுது அப்பா" என்றேன். நாலு குழாயிலும் அது எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.