காந்தத்தில் ஒட்டிய ரிவிட்

ரிவிட் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வளைகுடாவில் ஆறு வருஷம் ஏசி குழாய்த் தகரங்களை மூட்டுகிற வேலை. கையில் ரிவிட் கன்னோடு ஏணியில் நின்றே காலம் போனது. திரும்பி வந்து பழைய 'குட்டியானை' சரக்கு வண்டி ஒன்றை வாங்கினேன். புதுக்கோட்டையில் காய்கறி எடுத்து, அரிமளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நானும் மனைவியும் விற்கிறோம். நான் ஓட்டுவேன், அவள் இறங்கி எடை போட்டுக் கொடுப்பாள். ஸ்பீக்கரில் 'தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய்' என்று கூவுவதும் அவள் குரல்தான், போனில் பதிந்து வைத்தது.

போன மழைக்காலத்தில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் குரல் எடுபடவே இல்லை. வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் ஆட்கள் பையோடு வெளியே வந்தார்கள்.

பட்டறையில் காட்டினேன். "தகரம் அரிச்சுப் போச்சுண்ணே. வெல்டிங் வச்சா இன்னும் பொத்தலாயிரும். மேல ஒரு தகரத்தச் சுத்தி ரிவிட் அடிச்சிருங்க. இரும்பு ரிவிட்டாப் பாத்து வாங்குங்க, இந்தச் சூட்டுக்கு அலுமினியம் நிக்காது" என்றார் பட்டறைக்காரர். எனக்கே ரிவிட் சொல்லித் தருகிறாரா என்று உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது.

ஹார்டுவேர் கடையில் இரும்பும் அலுமினியமும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வண்டியில் கிடந்தது. அதை எடுத்துப் போய் டப்பாவுக்குள் விட்டேன். ரிவிட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. கடையில் நின்றவர்கள் முன்னால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. இரண்டு தகரத்தின் கனத்துக்கு மேல் கொஞ்சம் நீளம் இருக்கிறதா என்று அளவும் பார்த்தேன். ஒரே பகலில் அடித்து முடித்தேன். வண்டி அமைதியானது.

மூன்று வாரம் கழித்து அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. திருமயம் போகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாள். அந்த மாதம் நாளும் தள்ளிப் போயிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் ரோட்டைப் பார்த்தேன்.

என்னைப் பெற்ற ஆத்தாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சோதித்துப் பார்க்கலாம் என்றேன். "முன்ன ரெண்டு தடவ அவசரப்பட்டுப் பாத்து அழுதது போதுங்க. நாப்பது நாள் கழியட்டும்" என்றாள் மனைவி. அதன்பின் ஆத்தாவின் சட்டம்தான். மருமகள் இறங்கி ஏறக்கூடாது, எடைத்தட்டைத் தூக்கக்கூடாது, ஈரக்காற்று படக்கூடாது. அதனால் எடை போட நான் இறங்கினேன், அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாளெல்லாம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்.

சத்தம் மெல்லத் திரும்ப ஏறியது எனக்குக் கேட்காமல் இல்லை. ஒருநாள் டிரில் மிஷினை எடுத்தேன். ஆத்தா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்டாயிருக்கிறவ இருக்குற வீட்டுல ஆணி அடிக்கலாமாடா, ஓட்டை போடலாமாடா? புள்ள பெறந்தப்புறம் பாத்துக்க." எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மிஷினை வைத்துவிட்டேன். பிள்ளை என்ற சொல் அப்படி இனித்தது.

தெருக்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டு அக்கா, வாந்திக்கு நல்லது என்று நாரத்தங்காய் ஊறுகாயை டப்பாவில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

நாற்பது நாள் கழித்துப் புதுக்கோட்டையில் டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "ஒடம்பு அசந்தாக்கூட நாள் தள்ளிப் போகும்மா" என்றவர், நாடி பார்க்கக் குனிந்தபோது மூக்கைச் சுளித்தார். "சேலையில இவ்வளவு புகை வாடை வருதே, என்ன வேலை பாக்குறீங்க?" நான்தான் பதில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்தேன். நான் சுற்றிய தகரம் அவள் சீட்டின் பக்கமாக வாயைப் பிளந்து தொங்கியது. ரிவிட்டுகளை நகத்தால் நெம்பியே எடுத்தேன். அவற்றையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் கோபப்படவில்லை. புது ரிவிட் ஒன்றிலிருந்து நடுவில் இருக்கும் ஆணியை உருவி, காந்தத்தில் ஒட்டினார். மிச்சமிருந்த உடம்பை ஒட்டிக் காட்டினார், கீழே விழுந்தது. "ஆணிதாங்க இரும்பு. அடிக்கையில அது முறிஞ்சு வந்துரும். தகரத்துல நிக்கிறது அலுமினியம்."

ஆறு வருஷம் அடித்திருக்கிறேன். குளிர்காற்றுக் குழாய்க்கு எது அடித்தாலும் நிற்கும். ஒரு நாள்கூட ஆணியை உருவி யோசித்ததில்லை. என் பெண்டாட்டிக்கு நாற்பது நாள் புகையைக் கொடுத்து, அதைப் பிள்ளை என்று கொண்டாடியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆணியும் உடம்பும் இரும்பான ரிவிட்டாக, தனித்தனியே ஒட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். இரும்பு ரிவிட் லேசில் முறியாது. என் ஒரு கைக்கு மசியாதபோது, அவளே வந்து பக்கத்தில் குத்தவைத்து ரிவிட் கன்னின் பிடியை என்னோடு சேர்ந்து அழுத்தினாள். பன்னிரண்டு ரிவிட். இந்த முறை ஆத்தா வாசல் பக்கம் வரவில்லை.

நாலே நாளில் வாந்தி நின்றது. அடுத்த வாரம் ஊறுகாய் கொடுத்த அக்கா வண்டியைக் கை காட்டி நிறுத்தினாள். கையில் இன்னொரு டப்பா.

"வாந்தி இப்ப எப்படித்தா இருக்கு?"

"நின்னுருச்சுக்கா."

"அப்ப மூணு மாசம் ஆயிருச்சு. இனிமே பயமில்ல. நல்லாச் சாப்புடு, என்ன?"

என் மனைவி "சரிக்கா" என்று டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, என்ன பிள்ளையாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தாள். கேட்கச் சகிக்காமல், அவள் பேச்சு சத்தத்தில் அமுங்கட்டும் என்று நின்ற வண்டியிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எவ்வளவு மிதித்தும் வண்டி சத்தம் போடவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் என் காதில் விழுந்தது.