கசப்பு தெரியாத தையல்காரர்

எங்கள் தெருத் தையல்காரர் கொல்லையில் சோளம் போட்டதுகூட அங்குல நாடாவை வைத்துத்தான். பயிர் ஒரு சாண் வளர்ந்ததும் அதனடியில் பீன்ஸ், பத்து நாள் கழித்து இடைவெளியில் பூசணி. பீன்ஸ் கொடி சோளத்தண்டைப் பிடித்து ஏறும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். விளைந்ததை மசித்து மனைவிக்கு ஊட்டுவார். பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சும் வலது கையும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அவளைக் குளிப்பாட்டிவிட நர்ஸான நான் போவேன்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் அவருக்கு நாக்கு செத்துப்போனது. உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். "என் சமையலை நானே திட்ட முடியாது, நல்லதாப் போச்சு" என்பார்.

அன்று நான் நுழைந்தபோது கிண்ணத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தார்.

"மகாராணிக்கு என்ன கோபம்? இன்னும் ஒரு வாய்ம்மா. நம்ம கொல்லைப் பூசணி. நானே எடுத்து வச்ச விதை."

அவள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினாள். அது பிடிவாதமில்லை. பேச முடியாதவர்களை நாற்பது வருடம் பார்த்தவள் நான், அது பயம்.

மசியலை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். எட்டிக்காயாய்க் கசந்தது! துப்பினேன்.

"எத்தனை கரண்டி உள்ள போச்சு?"

"மூணு, நாலு... ஏன் சிஸ்டர்?"

"பக்கத்து வீட்டுப் பெயிண்டர் போன வருஷம் வேலியில அழகுக்குன்னு கசப்புக் குட்டிப் பூசணி விட்டிருந்தாரே, தேனீ அந்த மகரந்தத்தை உங்க பூவுல கொண்டுவந்து போட்டிருக்கு. அந்த விதையில வர்ற காய் விஷமா இருக்கும்ணே. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஒரு கிண்ணம். அவளுக்கு... அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தேன். வாந்தி எடுக்கவைக்கக்கூடாது, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். வண்டி வருவதற்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் காலடியில் சரிந்தார். அவள் இடது கையால் அவர் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டாள். வண்டிக்காரர்கள்தான் விரல்களைப் பிரித்தார்கள்.

அவள் மறுநாளே தேறினாள். அவருக்கு ஐந்து நாள் ட்ரிப்ஸ்.

பூசணிக்கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார். இப்போது கஞ்சியானாலும் அவள் நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு முகத்தையே பார்க்கிறார். அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். அவர் கையிலிருக்கும் கரண்டியோ நகர மறுக்கிறது.

"ஊட்டுங்கண்ணே, ஆறிடும்" என்று நான் அதட்ட வேண்டியிருக்கிறது.